விரியும் தொடருக்குத் தொகை உண்டா?

1 − 1 + 1 − 1 + ... என்று முடிவில்லாமல் போனால் என்ன கிடைக்கும்? இரண்டிரண்டாகச் சேர்த்தால் பூஜ்யம். முதல் ஒன்றைத் தனியே வைத்துவிட்டு மற்றதைச் சேர்த்தால் ஒன்று. இத்தாலியப் பாதிரியார் கிராந்தி 1703இல் அரை என்றார். சூன்யத்திலிருந்து கடவுள் உலகைப் படைத்தது சாத்தியம்தான் என்பதற்கு இதையே சாட்சியாகவும் காட்டினார். ஆய்லரும் அரை என்றே எழுதினார். விடை இருந்தது. 'தொகை' என்ற சொல்லுக்குத்தான் எல்லோரும் ஒப்பிய பொருள் இல்லை.

1821இல் பாரிஸில் கோஷி அதைச் சட்டமாக்கினார். உறுப்பு உறுப்பாகக் கூட்டிவரும்போது இடைத்தொகைகள் ஓர் எண்ணை வேண்டுமளவு நெருங்கி, பிறகு விலகாமலும் இருந்தால் தொடர் குவிகிறது. 1/2, 3/4, 7/8... ஒன்றை நெருங்குகிற மாதிரி. இல்லையென்றால் விரிகிறது. விரியும் தொடருக்குத் தொகையே கிடையாது.

கோஷி போர்பன் மன்னராட்சியின் விசுவாசி. 1830 புரட்சிக்குப் பிறகு புதிய அரசனுக்குப் பிரமாணம் எடுக்க மறுத்து நாட்டைவிட்டே போனவர். 'பார்த்தீர்களா, இதுவும் அதிகாரத்தின் சொல்லாடல்தான்' என்று நம்மில் சிலர் உடனே கிளம்பிவிடலாம். அவ்வளவு சுலபமில்லை. 1 + 1/2 + 1/3 + 1/4 + ... தொடரில் உறுப்புகள் தேய்ந்துகொண்டே போகின்றன. பார்வைக்குக் குவியும் போலிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஓரெம் காட்டிவிட்டார்: 1/3 + 1/4 அரைக்கு மேல், அடுத்த நான்கு உறுப்புகள் சேர்ந்தும் அரைக்கு மேல், அடுத்த எட்டும் அப்படியே. எத்தனை அரைகள் வேண்டுமானாலும் திரட்டலாம். எந்த ஆட்சி வந்தாலும் இது குவியாது.

அப்படியானால் மாறக்கூடியது எது? 1912இல் லண்டன் பேராசிரியர் ஹில், சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ராமானுஜனின் தாள்களைப் பார்த்துவிட்டு, விரியும் தொடர்களின் படுகுழியில் விழுந்துவிட்டார் என்று எழுதினார். 1 + 2 + 3 + ... = −1/12 என்று அதில் இருந்தது. அடுத்த ஆண்டு ராமானுஜன் ஹார்டிக்கும் இதை எழுதினார். இதைச் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டுவீர்கள் என்ற கேலியோடு, தன் கோட்பாட்டின்படிதான் இந்த விடை என்பதையும் சொல்லியிருந்தார்.

அந்த நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. 1890இல் செசாரோ இடைத்தொகைகளின் சராசரியை எடுத்தார். 1, 0, 1, 0 ... சராசரி அரையை நெருங்குகிறது. கிராந்தியின் அரை திரும்பி வந்தது, இம்முறை கடவுள் சாட்சி இல்லாமல், வரையறையோடு. ஓரெமின் தொடருக்கு இதுவும் உதவாது. சராசரியும் எல்லையின்றி வளரும். ராமானுஜனின் விடைக்கு வேறொரு வரையறை தேவை.

விரிகிறது என்பது நிரூபணம். தொகை இல்லை என்பது வரையறை. முன்னதோடு மல்லுக்கட்ட முடியாது. பின்னதைத் திறந்து பார்க்கலாம். ஹில் தப்பு என்று ஒதுக்கினார். நாம் மேதை என்று கும்பிடுகிறோம். எந்த விதிப்படி இந்த விடை என்று கேட்காதவரை இரண்டும் ஒன்றுதான்.