பேலியல் குடும்பம்

பேலியல் குடும்பம், வட பிரான்சின் பிக்கார்டியிலிருந்து 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு வந்து, ஸ்காட்லாந்துக்கு இரண்டு அரசர்களைத் தந்து, 1364இல் நேர் வாரிசின்றி மறைந்த பிரபுக் குலம். எல்லையின் இருபுறமும் நிலம் வைத்திருந்ததால் உயர்ந்தது. இரு நாடுகளும் பகைத்தபோது அந்த நிலங்களாலேயே அழிந்தது. பொதுவாக இக்குடும்பத்தைத் தோற்ற அரசர் ஒருவரின் பட்டப்பெயரோடு முடித்துவிடுகிறார்கள். அது நியாயமான கணக்கு அல்ல.

எல்லையில் வேரூன்றல்

குலப்பெயர் பிக்கார்டியிலுள்ள பையோல் என்ற ஊரிலிருந்து வந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் வில்லியம், கீ த பேலியலுக்கு டர்ஹம், நார்தம்பர்லாந்து பகுதிகளில் பெரும் நிலங்களை வழங்கினார். அடுத்து வந்த பெர்னார்டு, டீஸ் ஆற்றின் கரையில் பாறைமேல் ஒரு கோட்டையை எழுப்பினார். அவர் பெயரால் அது பர்னார்டு காசில் ஆயிற்று; கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கும் இன்றுவரை அதே பெயர்தான். வடக்கிலிருந்து வரும் படையெடுப்பைத் தடுப்பதே இவர்களின் வேலை. 1138இல் ஸ்காட்லாந்துப் படையை எதிர்த்து நார்தாலர்டனில் நடந்த போரில் பெர்னார்டு இருந்தார். 1174இல் ஸ்காட்லாந்து அரசர் வில்லியத்தை ஆனிக் நகரருகே சிறைபிடித்த கூட்டத்திலும் ஒரு பேலியல் இருந்தார். அந்த அரசரின் சிம்மாசனத்தில் 118 ஆண்டுகள் கழித்து இதே குலத்தவர் அமர்ந்தார்.

டெர்வோர்கில்லா

குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியது ஒரு திருமணம். 1233இல் ஜான் த பேலியல், ஸ்காட்லாந்தின் காலோவே பிரபு ஆலனின் மகள் டெர்வோர்கில்லாவை மணந்தார். டெர்வோர்கில்லாவின் தாய் மார்கரெட், ஹன்டிங்டன் ஏர்ல் டேவிட்டின் மூத்த மகள். டேவிட் அரசர் வில்லியத்தின் உடன்பிறந்தவர். சீதனத்தோடு அரச ரத்தமும் வீட்டுக்குள் வந்தது. அடுத்த ஆண்டு ஆலன் இறந்தார். மண உறவுக்கு வெளியே பிறந்த மகன் தாமஸை ஒதுக்கிவிட்டு, காலோவே மூன்று மகள்களுக்கும் பங்கு போடப்பட்டது. தாமஸுக்காகக் காலோவே மக்கள் கிளர்ந்தெழுந்து தோற்றார்கள். அவரோ பர்னார்டு காசிலில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ 60 ஆண்டு கழித்து, 1296இல்தான் கிழவராக வெளியே வந்தார். இந்தக் குடும்பத்தின் செழிப்பைப் பேசும்போது அந்தச் சிறையறையையும் மறக்கக் கூடாது.

டர்ஹம் ஆயரோடு ஏற்பட்ட தகராறுக்குப் பரிகாரமாக, ஜான் 1263 வாக்கில் ஆக்ஸ்போர்டில் ஏழை மாணவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார். அவர் 1268இல் இறந்ததும் அந்தக் கொடை அப்படியே நின்று போயிருக்கலாம். டெர்வோர்கில்லா விடவில்லை, தொடர்ந்து நிதி தந்து, 1282இல் விதிமுறைகளை எழுதித் தம் முத்திரையிட்டார். அதுதான் இன்றைய பேலியல் கல்லூரி.

கணவரின் இதயத்தைப் பதப்படுத்தி, வெள்ளிப் பட்டை கட்டிய தந்தப் பேழையில் வைத்துக்கொண்டார். உணவு மேசையிலும் அது அவர் அருகே இருந்ததாகவும், அதன்முன் பரிமாறிய உணவு ஏழைகளுக்குப் போனதாகவும் பிற்கால வரலாற்றுக் கவிஞர் ஒருவர் எழுதினார். 1273இல் காலோவேயில் சிஸ்டர்சிய மடம் ஒன்றை நிறுவினார். 1290இல் அந்தப் பேழையோடு அங்கே அடக்கமானார். துறவிகள் மடத்துக்கு 'இனிய இதயம்' என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். கூரை போய்விட்டது, சிவப்பு மணற்கல் சுவர்கள் நிற்கின்றன.

நான்காண்டு அரசர்

1286இல் அரசர் மூன்றாம் அலெக்சாண்டர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1290இல் அவருடைய பேத்தி மார்கரெட்டும் இறக்க, சிம்மாசனம் காலியானது. உரிமை கோரியவர்களுள் முதன்மையானவர்கள் டெர்வோர்கில்லாவின் மகன் ஜான் பேலியலும், ராபர்ட் புரூஸும். பேலியல், ஹன்டிங்டன் ஏர்ல் டேவிட்டின் மூத்த மகளின் பேரன். புரூஸ் இரண்டாம் மகளின் மகன். மூத்த கிளையா, ஒரு தலைமுறை நெருக்கமா? நம் ஊர்ச் சொத்து வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 104 பேர் விசாரித்த வழக்கில், 1292 நவம்பர் 17 அன்று பேலியல் பக்கம் தீர்ப்பாயிற்று. மூத்தவழி உரிமைப்படி அது சரியான தீர்ப்பே. ஆனால் நடுவராக அமர்ந்த இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு, தம்மை ஸ்காட்லாந்தின் மேலாண்மை அரசராக ஏற்கச் செய்த பிறகே தீர்ப்பளித்தார்.

நவம்பர் 30 அன்று ஸ்கூனில் முடிசூடிய ஜான், கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 1293இல் நாடாளுமன்றத்தைக் கூட்டி மேற்குக் கடற்கரைக்கு மூன்று புதிய நிர்வாகப் பிரிவுகளைத் திட்டமிட்டார். ஆனால் அவர் மன்றத்துத் தீர்ப்புகளை எட்வர்டு தம்மிடம் மேல்முறையீடாக இழுத்தார்; 1294இல் பிரான்சுடன் போரிட ஸ்காட்லாந்துப் படையையும் கேட்டார். 1295இல் ஸ்காட்லாந்து பிரான்சுடன் உடன்படிக்கை செய்தது. எட்வர்டு 1296 மார்ச்சில் பெரிக் நகரைச் சூறையாடினார். ஏப்ரல் 27 அன்று டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்த தளபதி, ஜானின் மாமனார் வாரென். எல்லை தாண்டிய சம்பந்தம் வந்து நின்ற இடம் அது.

ஜூலையில் ஜான் முடிதுறந்தார். அவர் மேலங்கியில் தைத்திருந்த அரச சின்னத்தைப் பிய்த்தெடுத்தார்கள். 'டூம் டேபர்ட்', வெற்று மேலங்கி, என்ற பட்டப்பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. லண்டன் கோபுரச் சிறைக்குப் பிறகு 1299இல் போப்பாண்டவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டபோது, டோவர் துறையில் அவர் பெட்டிகளைச் சோதித்து மகுடத்தையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டார்கள். ஜான் முடிதுறந்த பிறகும் வில்லியம் வாலஸ் நாட்டைக் காத்து நின்றது அரசர் ஜானின் பெயரில்தான். அவரை வெற்று அங்கியாக அந்நாட்டார் எல்லோரும் நினைத்துவிடவில்லை. ஜான் திரும்பவே இல்லை. மூதாதையர் ஊரான பிக்கார்டிக்குப் போய், 1314இல் இறந்தார். பர்னார்டு காசில் முன்பே பறிமுதலாகி வாரிக் ஏர்லுக்குப் போயிருந்தது.

கடைசி மகன்

மகன் எட்வர்டு பேலியல், நிலம் இழந்த பிரபுக்களோடு 1332இல் கடல்வழி ஸ்காட்லாந்துக்கு வந்து, டப்ளின் மூரில் தம் படையைவிடப் பெரிய படையை வென்று ஸ்கூனில் முடிசூடினார். மூன்று மாதங்களுக்குள் ஆனன் ஊரில் விடிகாலைத் தாக்குதலில் தம்பி ஹென்றி கொல்லப்பட, அரைகுறை உடையோடு குதிரையேறி எல்லை தாண்டினார். 1334இல் ஆங்கிலேய உதவிக்கு ஈடாகத் தெற்கு மாவட்டங்களை மூன்றாம் எட்வர்டுக்கு எழுதிக் கொடுத்தார். தந்தையிடம் பிடுங்கப்பட்டதை மகன் தாமாகவே கொடுத்தார். ஸ்காட்லாந்து மக்களிடம் பேலியல் பெயர் உண்மையில் கெட்டது அப்போதுதான். 1356 ஜனவரியில் ராக்ஸ்பரோவில், ஒரு பிடி மண்ணையும் மகுடத்தையும் மூன்றாம் எட்வர்டிடம் கொடுத்து உரிமையைத் துறந்தார். ஆண்டுக்கு 2,000 பவுண்டு ஓய்வூதியம் என்று பேச்சு. 1364இல் யார்க்ஷயரில் பிள்ளையின்றி இறந்தார்.

1390இல் ஸ்காட்லாந்து அரியணை ஏறிய ஸ்டூவர்ட் இளவரசரின் பெயர் ஜான். அது ராசியில்லாத பெயர் என்று கருதி, மூன்றாம் ராபர்ட் என்று மாற்றிக்கொண்டு முடிசூடினார். அதன்பின் அந்நாட்டில் ஜான் என்ற பெயரில் அரசர் எவரும் வரவில்லை.