அண்ணாவை வளர்த்த தொத்தா

பங்கின் யூபிலி மலரில் அறிஞர் அண்ணாவைப் பற்றி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர் நம் காஞ்சி மண்ணின் மைந்தர் என்பது ஒன்று. மற்றொன்று, 1968-ஆம் ஆண்டு முதலமைச்சராக இருந்த அவர் உரோமை சென்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தார். போர்த்துக்கல் சிறையில் வாடிய கோவா விடுதலை வீரர் மோகன் ரானடேயை விடுவிக்க உதவுமாறு அவரிடம் வேண்டினார். கோவா 1961-லேயே விடுதலை பெற்றுவிட்டது. ஆயினும் ரானடே சிறையிலேயே கிடந்தார். 1969 சனவரியில் அவருக்கு விடுதலை கிடைத்தது. அடுத்த மாதம் 3-ஆம் நாள் அண்ணா கண்மூடினார்.

எங்கோ பிறந்த ஒரு பிள்ளைக்காக இப்படிப் பரிந்து பேசியவரை வளர்த்தவர் யார்?

நம் திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் உண்டு, ஞானப் பெற்றோர் பெயர் உண்டு, குருவானவர் பெயரும் உண்டு. வளர்த்தவருக்கு அதில் இடமில்லை. வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அப்படித்தான். அண்ணா 1909 செப்டம்பர் 15-இல் நெசவாளர் நடராசனுக்கும் பங்காரு அம்மாளுக்கும் பிறந்தார் என்று எழுதிவிட்டு, நேரே கல்லூரிக்கும் மேடைக்கும் போய்விடுகிறார்கள். இடையில் அவரை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். அண்ணாவுக்கு அவர் 'தொத்தா'. நம் பக்கத்து வீடுகளில் சித்தியை அப்படி அழைப்பது பழைய வழக்கம். இன்றைய பிள்ளைகளோ ஆன்ட்டி என்கிறார்கள்!

நெசவாளர் வீட்டில் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பது எளிதன்று. கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா வேண்டும். தறியில் அமர்ந்தவருக்குத் துணையாகக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். முன்னாளில் அது பெரும்பாலும் வீட்டுச் சிறுவனின் கையாகவே இருந்தது. தார் சுற்றுவது பெண்களுக்கும் முதியோருக்கும் உரிய வேலை. அப்படிப்பட்ட ஊரில் சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் ஒரு கை குறையும். அண்ணா இவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். வறுமையால் சிறிது காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகவும் வேலை பார்த்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. படிக்கும்போதே, 1930-இல், இராணி அம்மையாருடன் திருமணம். 1934-இல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம்.

அந்த ஆண்டிலேயே திருப்பூரில் பெரியாரைக் கண்டார். அதன்பின் அவர் வாழ்வு திரும்பிய திசையை நாடே அறியும். பெரியாரின் கொள்கைகள் யாவும் நமக்கு உடன்பாடு அல்ல. ஆயினும் அண்ணா அவர்மீது வைத்த நன்றியை மெச்சாமல் இருக்க முடியாது. 1949-இல் பிரிந்துபோய்த் தனிக் கட்சி தொடங்கியபோதும், தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்றே காலியாக வைத்தார். இதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள்.

தொத்தாவுக்கு அவர் காட்டிய நன்றியை எடுத்துச் சொல்வோர் குறைவு. அது மேடையில் நடந்ததன்று. அண்ணாவுக்கும் இராணி அம்மையாருக்கும் குழந்தைகள் இல்லை. இராசாமணி அம்மையாரின் பேரப் பிள்ளைகளையே அவர்கள் தத்தெடுத்துத் தம் பிள்ளைகளாக வளர்த்தார்கள்.