முழங்காலுக்குள் ஓர் ஊசி

தெள்ளார் என்றதும் வரலாறு படித்தவர்களுக்குத் ‘தெள்ளாறெறிந்த’ என்று பட்டம் பெற்ற மூன்றாம் நந்திவர்மன் நினைவுக்கு வருவான். இன்று அந்த வட்டாரத்தை ஆரணிப் பட்டை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். தறிக்குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்க மிதித்தால்தான் சேலை இறங்கும். முட்டி மடங்காவிட்டால் கூலி இல்லை. அதனால்தான் முப்பது வயதுக்காரரும் டாக்டரிடம் கேட்கிறார்: “ஊசி போட்டா ஜவ்வு வளந்துடுமா சார்?”

பழைய கேள்விதான். குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று 1743-இலேயே வில்லியம் ஹண்டர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது, செல்களும் குறைவு. தோல் ஆறுவதுபோல அது ஆறாது.

ஊசிகளின் கதை இருபதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1948-இல் மூட்டு வாதத்துக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். 1951-இல் பிலடெல்பியாவின் ஜோசப் ஹாலண்டர், ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள்ளேயே செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். வீக்கம் வடிந்தது, வலி குறைந்தது. ஆனால் 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 140 பேருக்கு இரண்டு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, உப்புநீர் போட்டவர்களைவிட அதிகமாகக் குருத்தெலும்பு தேய்ந்திருந்தது. வலியில் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது ‘ஜெல்’ ஊசி. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்த ஹையலூரானிக் அமிலம், பிற்பாடு சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டு, பந்தயக் குதிரைகளின் மூட்டுக்குப் போனது. 1997-இல் அமெரிக்கா மனித முழங்காலுக்கும் அனுமதித்தது. அது வழுவழுப்புத் தரும், ஜவ்வை வளர்க்காது. பிறகு சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் பிஆர்பி வந்தது. 2021-இல் 288 பேரிடம் செய்த ஆஸ்திரேலிய ஆய்வில் அது உப்புநீரை மிஞ்சவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளும் நடுவயது தாண்டியவர்களிடம் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். இளையவர் கதை வேறு. தேய்மானமாக இல்லாமல், விழுந்ததாலோ முறுக்கியதாலோ ஓரிடத்தில் மட்டும் பெயர்ந்த ஜவ்வாக இருக்கலாம். நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை வளர்த்து அந்தப் பள்ளத்தில் வைக்கும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்டது இத்தகையோருக்காகத்தான். அது வெறும் ஊசி அல்ல, அறுவை சிகிச்சை. 2022-இல் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ஸ்டெம்செல் ஊசிக்கு இந்தியா அனுமதி தந்தது மூட்டுத் தேய்மானத்துக்கு.

ஆக, “வளந்துடுமா?” என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இரண்டு: “என் முட்டியில என்ன கெட்டிருக்கு? இந்த ஊசி வலிக்கா, ஜவ்வுக்கா?” பதில் ‘வலிக்கு’ என்றால் அதிலும் தப்பில்லை. வலி குறைந்த அந்தச் சில வாரங்களில் தொடைத் தசையைப் பயிற்சியால் வலுப்படுத்திக்கொள்ளலாம். மறுபடி தறியில் உட்காரும்போது முட்டியின் பாரத்தில் பங்கு வாங்குவது அந்தத் தசைதான்.