திப்பிலியின் பெயரில் மிளகு

ஆங்கிலத்தில் மிளகை 'பெப்பர்' என்கிறோம். உண்மையில் இது மிளகின் பெயரே அல்ல, திப்பிலியின் பெயர்!

ஸம்ஸ்கிருதத்தில் திப்பிலிக்கு 'பிப்பலீ' என்று பெயர். பாரசீகம் வழியாக மேற்கே சென்றபோது இச்சொல்லின் லகரம் ரகரமாயிற்று. கிரேக்கர்கள் 'பெபெரி' என்றனர். ரோமானியர்கள் 'பிபெர்' என்றனர். அதுவே ஆங்கிலத்தில் 'பெப்பர்' ஆயிற்று.

பருவக்காற்றைப் பிடித்து ரோமானியக் கப்பல்கள் முசிறிக்கு வரத் தொடங்கிய பிறகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு மூட்டை மூட்டையாக ஏற்றுமதியாயிற்று. அதற்கும் திப்பிலியின் பெயரே நிலைத்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர் குறித்துவைத்த விலைப்படி, ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரி. மிளகு 4 தினாரிதான். ஆனாலும் மிளகின் மதிப்பு குறைவல்ல. கி.பி. 408-ல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப்போவதற்குக் கேட்ட பொருள்களில் 5,000 ராத்தல் பொன்னுடன் 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

1492-ல் இந்தியாவுக்கு வழி தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்தார். அங்கே மிளகு இல்லை. காரமான வேறொரு காய் இருந்தது. அதற்கும் மிளகின் பெயரையே ஐரோப்பியர்கள் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அது 'சில்லி பெப்பர்'தான். போர்த்துகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் அதை இங்கே கொண்டுவந்தபோது நாமும் அதையே செய்தோம். மிளகைப் போல் காரமான காய், ஆகவே மிளகாய்.

மிளகு என்ற சொல்லும் ஒருவழியாக ஆங்கிலத்தில் இடம்பெற்றது. சென்னைப் பக்கம் இருந்த ஆங்கிலேயர்கள் நம் மிளகுத் தண்ணீரை ஸூப்பாக்கி 'முல்லிகட்டானி' என்று பெயரிட்டனர்.

நம் அகங்களில் சிராத்தச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, காரத்துக்கு மிளகுதான். கொலம்பஸ் காலத்துக்கு முந்தைய நம் சமையல் எப்படி இருந்தது என்பதை அந்த ஒரு நாள் இலையில் பார்க்கலாம். வெளியூர்களில் வளரும் பேரக்குழந்தைகள் "ஏன் மிளகாய் போடவில்லை?" என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்று நிறுத்திவிடாமல் இந்தக் கதையைச் சொல்லலாமே.

உலகெங்கும் சாப்பாட்டு மேஜைகளில் திப்பிலியின் பெயர் இருக்கிறது. நம் அஞ்சறைப் பெட்டியிலோ திப்பிலி அரிதாகிவிட்டது. ஜலதோஷம் வரும்போதாவது ஒரு நாள் கண்டதிப்பிலி ரஸம் வைத்து, பெயருக்கு உரிய பொருளையும் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்துவைப்போம்.