கேர்னலும் மொடியூலும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் பணிசெயல் முறைமையைப் புதுப்பிக்குங்கால் ஒரு விந்தையைக் காண்கிறோம். பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற நிரல் தடையின்றி இயங்குகிறது. நேற்றுவரை பணிபுரிந்த மொடியூலோ இயங்க மறுக்கிறது. ஒரே முறைமை ஒன்றைப் பேணி மற்றொன்றைக் கைவிடுவது ஏன்? லினக்ஸின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

1991ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆக்கத் தொடங்கினார். முறைமையின் உட்கருவே கேர்னல் எனப்படும். தொடக்கத்தில், சாதனங்களை இயக்கும் பகுதிகள் யாவும் அதனுள்ளேயே பிணைக்கப்பட்டிருந்தன. புதிய சாதனமொன்றைச் சேர்ப்பதற்குக் கேர்னல் முழுவதையும் மீளத் தொகுத்தல் வேண்டும். இத்தொல்லையை நீக்க எழுந்ததே, வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது இறக்கத்தக்க மொடியூல் முறை. 1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1.2ஆம் பதிப்பு வெளிவந்தபோது அது லினக்ஸில் இடம்பெற்றிருந்தது.

ஆயினும், மொடியூல் வாயிலில் நின்று உதவி வேண்டும் விருந்தினன் அன்று. வீட்டினுள்ளே உலவும் உறுப்பினன். கேர்னலின் நினைவகத்தையே அது நேரிற் கையாளும். கேர்னலின் தரவமைப்பொன்றிலே புதிய உறுப்பு ஒன்று இடையிற் புகுந்தாலும், பழைய மொடியூல் தவறான இடத்தைப் படிக்கும். முறைமை முழுவதும் நிலைகுலையலாம். ஆதலின் ஒவ்வொரு மொடியூலும் தான் எக்கேர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது என்னும் குறியைத் தாங்கி வருகிறது. குறி பொருந்தாவிடின் கேர்னல் அதனை ஏற்காது. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.6ஆம் பதிப்பு, மொடியூலை ஏற்றும் முறையையே புதிதாக அமைத்தது.

ஈண்டு லினக்ஸ் மேற்கொண்ட இருவேறு நிலைகளை நோக்குதல் தகும். வெளியே இயங்கும் பயனர் நிரல்களை முறிக்கலாகாது என்பது டோர்வால்ட்ஸ் பன்முறை வலியுறுத்திய விதி. உள்ளே இயங்கும் மொடியூல்களுக்கோ அத்தகைய உறுதி எதுவும் இல்லை. இதன் காரணத்தைக் கிரெக் குரோவா ஹாட்மன் கேர்னலுடன் சேர்ந்த ஆவணமொன்றில் விளக்கினார். யூ.எஸ்.பி. பகுதியின் உள்ளமைப்புப் பலமுறை திருத்தப்பட்டது; பழைய அமைப்பைக் காப்பதாயின் அதன் குறைகளையும் காத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. கேர்னலுடன் மூலநிரல் சேர்க்கப்பட்ட மொடியூலை, மாற்றத்தைச் செய்பவரே திருத்திவிடுவர்.

வெளியே நின்றோர் நிலை யாது? 2003 அளவில் டெல் நிறுவனம், புதிய கேர்னல் வருந்தோறும் மொடியூலைத் தானாக மீளத் தொகுக்கும் டி.கே.எம்.எஸ். என்னும் கருவியை வழங்கியது. ரெட் ஹாட் நிறுவனம் தன் வணிகப் பதிப்பின் ஒவ்வொரு பெருந்தொடருக்குள்ளும் தெரிந்தெடுத்த இடைமுகங்களை மாற்றாது காத்தது. அண்ட்ரொயிட்டும் பிற்காலத்தில் தன் பொதுக் கேர்னலின் ஒவ்வொரு கிளைக்கும் நிலையான இடைமுகத்தை வகுத்தது. நடுவிலே மறுக்கப்பட்ட உறுதியை விளிம்பிலுள்ளோர் தம் செலவிலே ஏற்றனர் என்பது இதனாற் புலனாகும்.

எனவே, பழமையோடு பொருந்துதல் இயல்பாகக் கிடைக்கும் கொடையன்று. யாரோ ஒருவர் தொடர்ந்து இறுக்கும் கடனாகும். மூலநிரலை மறைத்துவைத்த உற்பத்தியாளர் தொழிலைக் கைவிட்டால், பழுதற்ற சாதனமும் அடுத்த புதுப்பிப்பிலே பயனற்றுப் போகலாம். மூலநிரல் நம் கையிலிருப்பின் அதனைத் திருத்தி வாழ்விக்க வழியுண்டு. நிலைபேறு என்பது மாறாதிருத்தலில் மட்டுமன்று, திருத்துதற்கு உரிமையுடைமையிலும் தங்கியுள்ளது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.