மூச்சை இழுக்கிறோம், பிராணவாயுவை இழுப்பது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் லே நகரத்துக்குச் சென்றிருந்தோம். விமான நிலையத்தில் எங்களை ஏற்றிக்கொள்ள வந்த டிரைவர் சொன்ன முதல் வார்த்தை, "இரண்டு நாள் படுத்தே இருங்கள்" என்பதுதான். விடியற்காலையில் டில்லி வீட்டில் காபி குடித்துவிட்டுப் புறப்பட்டவர்கள், ஒன்றேகால் மணி நேரப் பறப்பில் 3,500 மீட்டர் உயரத்தில் இறங்கியிருந்தோம். எங்கள் கோஷ்டியில் ஒரு நண்பர் மட்டும், "நான் தினம் 40 நிமிஷம் பிராணாயாமம் பண்றவன் சார், என் நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சாயங்காலமே கடைத்தெருவுக்குக் கிளம்பினார். அரை மணியில் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். நல்ல வேளை, தலைவலியோடு போயிற்று.

அவர் சொன்னதை நான் கேலி செய்ய மாட்டேன். பழக்கினால் நுரையீரல் கூடுதலாகப் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும் என்று உலகின் மிகப் பெரிய உடலியல் அறிஞர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். அது எப்படித் தோற்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் அடிப்படை. மூச்சை 'இழு' என்று தமிழில் சொல்கிறோமே, அது பாதி உண்மை. உதரவிதானம் கீழே இறங்க, விலாக்கூடு விரிய, நெஞ்சுக்குள் அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே வருகிறது. இதுவரை இழுப்புதான், தசைகளின் வேலைதான். ஆனால் காற்று போய்ச் சேருகிற இடம் நுண்ணிய காற்றுப்பைகள். 30 கோடிக்குக் குறையாத பைகள். அவற்றின் சுவரை ஒட்டி மயிரிழையினும் மெல்லிய இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. 1661இல் இத்தாலியின் மால்பிகி தவளை நுரையீரலில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்துச் சொன்னது இதைத்தான். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள திரை, பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றையும் பாதியாக்கினால் வருகிற கனத்துக்கும் குறைவு. அந்தத் திரையைப் பிராணவாயு எப்படித் தாண்டுகிறது? சண்டை அங்கேதான்.

காற்றில் பிராணவாயு எத்தனை சதவீதம் என்பது முக்கியமில்லை, அதன் அழுத்தம் எவ்வளவு என்பதே முக்கியம் என்று காட்டியவர் பாரிஸ் நகரத்துப் பால் பேர். 1875 ஏப்ரலில் 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பேர் 8,000 மீட்டருக்கு மேலே போனார்கள். பிராணவாயுப் பைகள் கூடவே இருந்தன. அவை போதா என்று பேர் எழுதிய கடிதம் பலூன் கிளம்புவதற்குள் வந்து சேரவில்லை. பைகளை எடுத்து வாயில் வைப்பதற்குக்கூடக் கை எழவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். மூன்று வருஷம் கழித்து, 1878இல், பேர் தம் பெரிய நூலை வெளியிட்டார்.

சரி, அழுத்தம் குறைந்தால் ஆபத்து. அப்படியானால் மலையில் வாழ்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள்? கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் (அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தகப்பனார்) ஒரு விடை சொன்னார். நுரையீரல் ஒரு சுரப்பி. உமிழ்நீர் சுரப்பது போல அது பிராணவாயுவை இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்றார். 1891இல் அவர் செய்த அளவீடுகளில் சில சமயம் காற்றுப்பையில் இருப்பதைவிட இரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் கூடுதலாக வந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டுமென்றால் யாராவது இறைக்கத்தானே வேண்டும்? மீன்களின் காற்றுப்பை நிஜமாகவே அப்படி இறைக்கிறது என்பது அப்போதே தெரியும். ஆகவே இது பைத்தியக்காரத்தனமான எண்ணம் இல்லை.

அதை உடைத்தவர் போரின் சொந்த உதவியாளரான ஆகஸ்ட் குரோக். அவரும் டாக்டரான அவர் மனைவி மேரியும் ஒரு புதுக் கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஓடுகிற இரத்தத்தில் ஒரு சின்னஞ்சிறு காற்றுக்குமிழை மிதக்க விட்டு, அதில் எந்த வாயு எவ்வளவு என்று அளப்பது. குமிழ் சிறியதானதால் சீக்கிரம் இரத்தத்தோடு சமநிலைக்கு வந்துவிடும், பிழைக்கு இடம் குறைவு. எத்தனை முறை அளந்தாலும் இரத்தத்தின் அளவு காற்றுப்பையின் அளவைவிடச் சற்றுக் கீழேயே இருந்தது. 1910இல் ஏழு கட்டுரைகளை ஒன்றாக வெளியிட்டார்கள். அவற்றுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் 'ஏழு குட்டிச்சாத்தான்கள்'! குருவை மறுத்து எழுதுவது குரோக்குக்கு எளிதாக இருந்திருக்காது. அடுத்த வருஷமே போர் காலமானார். பிறகு 1915இல் மேரி குரோக், கார்பன் மோனாக்சைடை மிகக் கொஞ்சமாகச் சுவாசிக்க வைத்து, நுரையீரல் எவ்வளவு வாயுவைக் கடத்துகிறது என்று அளந்து எழுதினார். இன்று ஆஸ்பத்திரியில் 'டி.எல்.சி.ஓ.' என்று எடுக்கும் டெஸ்ட், அந்த அம்மாள் காட்டிய வழிதான்.

கணக்கு இதுதான். கடல் மட்டத்தில் பிராணவாயுவின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 160 மில்லிமீட்டர். காற்றுப்பைக்குள் ஈரமும் கரியமிலவாயுவும் கலந்து அது 100 ஆகிறது. உடம்பைச் சுற்றிவிட்டு வரும் இரத்தத்தில் 40. நூறிலிருந்து நாற்பதுக்கு ஒரு சரிவு. அந்தச் சரிவில் பிராணவாயு தானே இறங்குகிறது. கரியமிலவாயு எதிர்த்திசையில், 45லிருந்து 40க்கு. இரத்தம் அங்கே நிற்பது முக்கால் விநாடி. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

ஆனால் இங்கிலாந்தின் ஜே. எஸ். ஹால்டேன் விடவில்லை. சமவெளியில் சரி, தேவை வந்தால் நுரையீரல் சுரக்கும் என்றார். 1911இல் அமெரிக்காவின் 4,300 மீட்டர் உயரப் பைக்ஸ் சிகரத்தில் ஐந்து வாரம் தங்கி, அதை நிரூபித்துவிட்டதாகவே எண்ணினார். கேம்பிரிட்ஜின் ஜோசப் பார்க்ராப்ட் 1920இல் ஒரு கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் அடைந்துகொண்டு, பிராணவாயுவைக் குறைக்கச் சொல்லி, தம் மணிக்கட்டின் தமனியைத் திறந்து இரத்தம் கொடுத்தார். அது கறுத்திருந்தது. சுரப்பு எதுவும் இல்லை. பெரு நாட்டு மலைகளுக்குப் போயும் அதையே கண்டார். ஹால்டேன் 1936இல் இறக்கும்வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இமயத்திலும் இது சோதிக்கப்பட்டது. 1960-61 குளிர்காலத்தில் நேபாளத்தில் 5,800 மீட்டர் உயரத்தில் 'வெள்ளிக் குடில்' ஒன்றைக் கட்டி ஓர் ஆய்வுக்குழு மாதக்கணக்கில் தங்கியது. கல்கத்தாவைச் சேர்ந்த சுகமய் லாஹிரியும் அதில் இருந்தார். பல வாரம் பழகிய உடம்பிலும், மிதிவண்டிப் பயிற்சி செய்யச் செய்ய இரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டே போனது. இரத்தம் வேகமாக ஓடுகிறது, சரிவோ சிறியது, கடக்க நேரம் போதவில்லை. இறைக்கிற சுரப்பி என்று ஒன்று இருந்தால் அது வேலை செய்ய வேண்டிய நேரம் அதுதானே!

அடுத்த வருஷமே நம் நாட்டுக்கு இது ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல் போயிற்று. 1962 சீனப் போரில் சமவெளிச் சிப்பாய்களை விமானத்தில் ஏற்றி நேரே லடாக்கில் இறக்கினார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மூச்சுத் திணறி, நுரை நுரையாக இருமினார்கள். வெகுகாலம் டாக்டர்கள் நிமோனியா என்று எண்ணி வந்த நோய் இது. உண்மையில் பிராணவாயு குறைந்ததும் நுரையீரலின் தமனிகள் இறுகி, சில இடங்களில் அழுத்தம் எகிறி, காற்றுப்பைக்குள் நீர் கசிந்துவிடுகிறது. அந்த மெல்லிய திரை தண்ணீர்ச் சுவராகிவிட்டால் சரிவு இருந்தும் பயனில்லை. லே ராணுவ மருத்துவமனையில் 101 நோயாளிகளைப் பார்த்து என். டி. மேனன் 1965இல் எழுதிய கட்டுரையும், 1,925 சிப்பாய்களைப் பற்றி இந்தர் சிங்கும் சகாக்களும் 1969இல் எழுதியதும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டன. விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய பழைய ஆட்களுக்கும் இது வந்தது. பழகிய உடம்பு என்ற நம்பிக்கை அவர்களைக் காப்பாற்றவில்லை.

லே உயரத்தில் புதிதாக இறங்கியவருக்குக் காற்றுப்பையில் பிராணவாயு 100 இல்லை, 55 வாக்கில்தான் இருக்கும். நாட்கள் போகப்போக மாறுவது நுரையீரலின் திரை அல்ல. மூச்சு தானாக ஆழமாகிறது, சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தைச் சரிக்கட்டுகிறது, காற்றுப்பையின் அளவு கொஞ்சம் ஏறுகிறது. அதற்கு நாள் பிடிக்கும். நம் ராணுவம் முதல் கட்ட உயரத்தில் 6 நாள், அதற்கு மேலே 4, இன்னும் மேலே 4 என்று படிப்படியாக ஏற்றுவது இதனால்தான். முதல் இரண்டு நாள் ஓய்வு.

நண்பரிடம் அன்றிரவு இவ்வளவும் சொல்லவில்லை. தலைவலியில் கேட்கும் நிலையில் அவர் இல்லை. மூன்றாம் நாள் காலை அவரே டிரைவரைக் கூப்பிட்டு, "இப்ப போகலாமா?" என்று கேட்டார். "மெதுவா நடங்க," என்றார் டிரைவர்.