குனிந்த முதுகும் கிடந்த படமும்
சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளரின் முதுகுநோ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனித வரலாற்றை நிமிர்தலின் வரலாறாகக் கண்டவர் ஏங்கல்ஸ். வாலில்லாக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கு பற்றி 1876 இல் அவர் எழுதி, அவர் மறைந்தபின் 1896 இல் வெளிவந்த கட்டுரையில், நிமிர்ந்த நடையே கையை விடுவித்தது என்பதும், விடுபட்ட கையே உழைப்பின் கருவியாயிற்று என்பதும் தெளிவாக நிறுவப்படுகின்றன. ஆயின், அதற்கு முப்பதாண்டுகள் முன்னரே, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய 1845 ஆம் ஆண்டு நூலில், ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வளைந்துபோன முள்ளந்தண்டுகளை அவர் விவரித்திருந்தார். மனிதனை நிமிர்த்திய அதே உழைப்பு, குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளின்கீழ் அவனை மீண்டும் குனியவைக்கிறது என்னும் முரண்பாடு இவ்விரு எழுத்துக்களுக்கும் இடையில் உள்ளது. அம்முரண்பாட்டைச் சப்ரகமுவத் தோட்டங்களில் வைத்து நோக்குவதும், வளைந்த முதுகை மருத்துவத்தின் கண் எந்நிலையில் வைத்துப் பார்த்தது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்ரகமுவ 1889 இல் தனி மாகாணமாக்கப்பட்டது. கோப்பி அழிந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் அதன் மலைச்சரிவுகளை நிறைத்தன. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை 1912 இல் இரத்தினபுரியை எட்டியது. எட்டியாந்தோட்டை, தெரணியகல, எகலியகொடை ஆகிய பகுதிகளில் இறப்பரும், பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் தேயிலையும் மேலோங்கின. நுவரெலியாவைப் போலன்றி, இங்கு லயன்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. இறப்பர் மரத்தடியில் தமிழ்த் தொழிலாளியும் சிங்களத் தொழிலாளியும் ஒரே விதமாகக் குனிந்தனர். 1936 இல் என். எம். பெரேரா றுவன்வெல்லையிலிருந்தும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலிருந்தும் அரசாங்க சபைக்குத் தெரிவானதை இச்சமூகப் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

தோட்டத்தின் வேலைப் பிரிவினை உடல்நிலைகளின் பிரிவினையுமாகும். கொழுந்து எடுக்கும் பெண், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகிற் சுமந்து, செடிமேல் முன்சாய்ந்து நிற்கிறாள். கூடை நிறைய நிறையச் சாய்வும் பாரமும் ஒருங்கே கூடுகின்றன. அப்பாரத்தோடு சரிவில் இறங்கிக் கொழுந்து மடுவத்துக்குச் செல்லவேண்டும். கவ்வாத்து வெட்டுபவனும் முள்ளுக் குத்துபவனும் இடுப்பை மடித்தே வேலை செய்கின்றனர். பால் வெட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. மரத்தில் முதலில் இடப்படும் வெட்டு ஏறத்தாழ நெஞ்சளவு உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு வெட்டிலும் பட்டையின் மெல்லிய சீவல் நீங்க, வெட்டு ஆண்டுதோறும் கீழிறங்குகிறது. வெட்டு இறங்க இறங்கத் தொழிலாளி மேலும் குனிய வேண்டியவனாகிறான். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 மரங்கள் எனக் கொண்டால், வெட்டுவதற்கு ஒருமுறையும் சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்றுவதற்கு மறுமுறையுமாக, 600 தடவை குனிந்து நிமிர்தல் அவனது நாளாகும். இதன்பின்னரே நிறைந்த வாளிகளைச் சுமக்கும் நடை தொடங்குகிறது. குறிக்கப்பட்ட அளவு நிறையாவிடின் செக்ரோலில் அரைப்பேர். குனிதல் கூலியின் அலகாக மாறும் இடம் இதுவே.

தோட்ட மருத்துவம் இந்த முதுகை எவ்வாறு கண்டது? 1872 ஆம் ஆண்டு முதல் 1912 வரை இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்கள் தோட்டங்களில் மருந்தகங்களையும் மருத்துவ உதவியாளரையும் ஏற்படுத்தின. அவற்றின் கவலை வாந்திபேதி, அம்மை போன்ற தொற்றுநோய்களைப் பற்றியதாகவே இருந்தது. 1916 இல் ரொக்பெலர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கப்பட்டது; குருதிச் சோகையால் வேலைத்திறன் குன்றுவது அதன் முக்கிய வாதமாக முன்வைக்கப்பட்டது. முதுகுநோ தொற்றுவதில்லை, கொல்வதுமில்லை, புழுவைப்போல எண்ணிக் காட்டத்தக்கதுமன்று. நோவுற்றவன் மறுநாட் காலையிலும் பிரட்டுக்கு வரக்கூடியவனாகவே இருந்தான். ஆகவே அது நோய்க் கணக்கில் இடம்பெறவில்லை. சோம்பற் கணக்கில் இடம்பெற்றது. தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடியான இராமசீனி, நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் யாதெனக் கேட்குமாறு 1700 ஆம் ஆண்டிலேயே மருத்துவரை வற்புறுத்தியதோடு, உடலின் இயல்பல்லாத நிலைகளையும் நோய்க் காரணங்களுள் ஒன்றாகக் குறித்திருந்தார். தோட்டத்திலோ அக்கேள்வி தேவையற்றதாயிற்று. தொழில் எதுவென்பது கேளாமலே தெரிந்திருந்தது.

நோவைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் முயற்சியின் வரலாறு இதற்கு இணையாக ஓடுகிறது. றொன்ட்ஜன் 1895 இல் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தபின் முள்ளென்புகள் படத்தில் விழுந்தன. ஆனால் அவற்றிடையே உள்ள தட்டும் நரம்பும் விழவில்லை. 1920 களின் தொடக்கத்தில் பிரான்சில் சிக்காரும் பொரஸ்தியேயும் முண்ணாண் உறையுள் அயடீன் கலந்த எண்ணெயைச் செலுத்திப் படமெடுக்கும் வழியைக் கண்டனர். 1934 இல் பொஸ்தன் நகர மருத்துவர்களான மிக்ஸ்ரரும் பாரும், பிதுங்கிய தட்டு நரம்பை நெருக்குவதே காலுக்கு இறங்கும் நோவுக்குக் காரணமாகலாம் எனக் காட்டினர். 1954 இல் ஒல்லாந்தரான வெர்பீஸ்ற், முண்ணாண் கால்வாய் ஒடுங்கிய நோயாளரை விவரித்தார். அவர்களுக்கு நிற்கும்போதும் நடக்கும்போதும் கால் மரத்து நொந்தது. படுத்ததும் அந்நோ நீங்கியது. உடல்நிலையைப் புறக்கணித்து முதுகை அறிய முடியாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுவீடனைச் சேர்ந்த நாக்கெம்சன் 1960 களில் உயிருள்ள மனிதரின் தட்டினுள் ஊசியைச் செலுத்தி அமுக்கத்தை அளந்தார். 1999 இல் ஜேர்மனியின் உல்ம் நகரில் வில்க்கேயும் குழுவினரும் ஒரு தன்னார்வலரிடம் அவ்வளவீட்டை மீண்டும் செய்தனர். மல்லாந்து கிடக்கையில் 0.1 மெகாபஸ்கால், நிற்கையில் 0.5, முதுகை வளைத்து 20 கிலோ பாரத்தைத் தூக்குகையில் 2.3. ஒருவரிடம் பெற்ற அளவீடு எல்லாருக்கும் பொதுவிதியாகாது. எனினும் விகிதம் சிந்தனைக்குரியது. கிடக்கும் முதுகும் தூக்கும் முதுகும் ஒரே முதுகே. அவற்றின் பாரம் இருபத்துமூன்று மடங்கு வேறுபட்டது.

இங்கு ஒரு வரலாற்று முரண் தோன்றுகிறது. எண்ணெய் செலுத்திப் படமெடுத்த காலத்தில் நோயாளி கிடந்த மேசை சாய்க்கப்பட்டது. எண்ணெய் கனமானதாகையால் சாய்வுக்கேற்ப அது ஓடியது. நிற்கவைத்தும் குனியவைத்தும் படமெடுக்க முடிந்தது. அம்முறை நோவு மிக்கது, தீங்கு விளைக்கக்கூடியது. 1971 இல் ஹவுன்ஸ்பீல்டின் கணினிக் குறுக்குவெட்டுப் படமும், 1973 இல் லோற்றபர் வழிதிறந்த காந்தப்பரிவுப் படமும் அதனைப் பின்தள்ளின. தட்டையும் நரம்பையும் முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு காட்டிய இப்பொறிகள் நோயாளியைக் குழாயினுள் கிடத்தின. அசையாமல் கிடப்பதற்கென முழங்காலின்கீழ் மெத்தையும் வைக்கப்படுவதுண்டு. அதனால் இடுப்பின் இயல்பான உள்வளைவு குறைந்து கால்வாய் சற்று விரிகிறது. பொறி நுட்பமடைந்தபோது, நோவு தோன்றும் நிலை படத்திலிருந்து நழுவிற்று.

இக்குறையை மருத்துவ உலகம் உணராமலில்லை. 1990 களில் சுவீடனில் வில்லேனும் அவரது குழுவினரும், கிடக்கும் நோயாளிக்குக் கச்சு அணிவித்துப் பாதத்தின் வழியே பாரமேற்றிப் படமெடுத்தனர். நிற்கவும் அமரவும் இடமளிக்கும் காந்தப்பரிவுப் பொறிகளும் பின்னர் வந்தன. பாரமேறுகையிலும் பின்வளைகையிலும் கால்வாய் ஒடுங்குவதும், முன்குனிகையில் அது விரிவதும், முள்ளென்பொன்று மற்றொன்றின்மேல் வழுகும் நிலை நிற்கையில் தெளிவாகப் புலப்படுவதும் இவற்றால் அறியப்பட்டன.

ஆயினும் நிமிர்ந்து நின்று எடுக்கும் படமே உண்மையை முழுமையாகக் கூறிவிடும் என்பது பொறிவழிபாடே ஆகும். அப்பொறிகளின் காந்தப்புலம் வலுக் குறைந்தது. நோவோடு நிற்பவர் அசைவதால் படம் மங்குகிறது. அவற்றால் சிகிச்சையின் பயன் உயர்ந்தது என்பதும் நிறுவப்படவில்லை. 1994 இல் அமெரிக்காவில் முதுகுநோவற்ற 98 பேரைப் படமெடுத்தபோது, 36 வீதத்தினருக்கே எல்லாத் தட்டுகளும் இயல்பாக இருந்தன. நோவின்றியே தட்டுப் பிதுங்கலாம்; தட்டுப் பிதுங்காமலும் நோ வரலாம். சிறுநீர் தடைப்படல், கால் வலுவிழத்தல் போன்ற அபாய அறிகுறிகள் இல்லாத முதுகுநோவுக்கு வழமையாகப் படமெடுத்தல் வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டிகளின் கருத்தாகும்.

அப்படியாயின் படத்தில் ஒன்றுமில்லை என்னும் சொற்றொடரின் பொருள் யாது? மருத்துவ மொழியில் அது, கிடந்த நிலையில் அறுவைக்குரிய கேடு தென்படவில்லை என்பது மட்டுமே. தோட்டத்தின் வேலை ஒழுங்கினுள் அது நுழையும்போது, நோவே இல்லை என்னும் தீர்ப்பாக உருமாறுகிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரு நாளில், ஓரிடத்தில் நிகழ்ந்த காயத்தை அதனால் இலகுவில் இனங்காண முடியும். முப்பதாண்டுக் குனிதலுக்குத் தேதி இல்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமையும் முகாமையும் கைமாறியபோதும் கூடைக்கயிறும் வெட்டுக்கத்தியும் உடலை வைத்த நிலை மாறவில்லை.

மொழியும் இவ்வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. 'இடுப்பொடிய உழைத்தல்' என்னும் வழக்கு உழைப்பின் அளவை உடலின் சேதத்தால் அளக்கிறது. 'குனிந்த தலை நிமிராதவள்' என்பது நமது சமுதாயம் பெண்ணுக்கு வழங்கும் பாராட்டு. கொழுந்து மலையிலோ அதுவே அவள்மீது சுமத்தப்பட்ட வேலை நிலை. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டானியல், ஆனைமலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை 1969 இல் நாவலாக எழுதினார். அது 2007 இல் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வெளிவந்தது. மருந்துச் சீட்டில் அடங்காத நோயின் வரலாற்றை ஒரு மருத்துவர் புனைகதையில் எழுதவேண்டி நேர்ந்தமை இலக்கிய மாணவர் கருதத்தக்கது.

இராமசீனியின் கேள்வியை இன்று விரித்துக் கேட்டல் வேண்டும். என்ன தொழில் என்பதோடு, எந்நிலையில் நின்று, எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரத்தோடு, வெட்டு மரத்தின் எவ்வுயரத்தில் உள்ளது, எந்நிலையில் நோ கூடுகிறது, எந்நிலையில் தணிகிறது என்பனவும் மருத்துவக் குறிப்பில் இடம்பெறுதல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டியதில்லை. தோட்ட மருந்தகத்தின் பதிவேடே போதும். அப்பதிவேடு தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தை மேசைக்கும் வருமாயின், பாரத்தின் அளவும் வேலையின் அளவும் கூலியைப் போன்றே பேசித் தீர்க்கப்படவேண்டிய பொருள்களாகும்.